வளர்காப்பு

"பய எப்படிட்டி இருக்கான்?" என்று பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா வாசலில் நின்று கேட்டதும், சுடர்க்கொடி இடுப்பிலிருந்த மகனை முந்தானையால் மூடினாள்.

"என்னத்தச் சொல்ல, யக்கா. ஒருவாய் எறங்க மாட்டேங்கு. எலும்புந்தோலுமா கெடக்கான்."

மகன் ஆதனின் மார்பில் ஒட்டியிருந்த வளர்காப்புக் கருவி அதைக் கேட்டது. பச்சை விளக்கைச் சிமிட்டி, வளர்ச்சி மருந்தின் அளவை இன்னொரு படி ஏற்றியது.

பிறந்தபோது அவன் எழுநூறு கிராம்கூட இல்லை. அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கென்றே வந்தது வளர்காப்பு. முதிராத நுரையீரலுக்கு மூச்சு ஊட்டும். விட்டுப்போன வளர்ச்சியைச் சொட்டுச் சொட்டாய் ஈடுகட்டும். பழைய கருவிகள் எடையை மட்டும் நம்பின. பிள்ளைக்கு என்னமோ சரியில்லை என்று தாய் கதறியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளாததால் நிறையக் குழந்தைகள் செத்தன. ஆகவே அளவுகள் எதைக் காட்டினாலும் தாயின் சொல்லையே புதிய கருவி மறுபேச்சின்றி ஏற்க வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். பல லட்சம் வீடுகளில் தாய்மார் பேசியதைக் கேட்கவைத்து அதைப் பழக்கினார்கள். நல்ல எண்ணம்தான், யார் இல்லையென்றது?

ஆனால் எந்தத் தாய் வாய்திறந்து தன் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்பாள்? கண் பட்டுவிடாதா? சுடர்க்கொடி வீட்டுக்குள் தனியாக இருந்தபோதும் சொன்னதில்லை. வளர்காப்பும் ஏற்றிக்கொண்டே போனது. ஒரு வயதில் ஆதனுக்கு மூன்று வயது உடம்பு. இதயம் மட்டும் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வீங்கிவிட்டது.

"கழட்டி எறிஞ்சிருங்க, டாக்டரம்மா" என்றாள் சுடர்க்கொடி மருத்துவமனையில்.

"கழட்டினா மூச்சு நின்னுரும்மா" என்றார் மருத்துவர் ஜெபமலர். "நான் மருந்தக் குறைச்சாலும் அது திரும்ப ஏத்திக்கிடுது. நீங்கதான் சொல்லணும். பிள்ள நல்லா வளந்துட்டான், போதும்னு மனசாரச் சொல்லுங்க."

சொன்னால் கண் பட்டுவிடும் என்று சுடர்க்கொடி தலையாட்டி மறுத்தாள். ஆனாலும் மகன் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்பாள்? குனிந்து அவன் முகத்தை இரு கையாலும் ஏந்தினாள். அழுகையும் சொல்லும் சேர்ந்தே வந்தன.

"எஞ்சாமி, எப்படி வளந்துட்ட. நெஞ்சகலத்தப் பாரு, கை காலப் பாரு. இந்த ஊருல ஒன்ன மாதிரி பிள்ள உண்டாய்யா? போதும்யா. அம்மைக்குப் போதும்."

பச்சை விளக்கு அணைந்தது. சுவர்த்திரையில் எழுத்துகள் வந்தன: 'ஆதனின் மறைவுக்கு வருந்துகிறோம். மூச்சுத்துணை நிறுத்தப்பட்டது.'

மருத்துவருக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு புரிந்தது. இந்த மண்ணில் ஒரு தாய் தன் பிள்ளையை இப்படி வாயாரப் புகழ்வது பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்துதான். பல லட்சம் வீடுகளில் அது கற்றிருந்தது அதைத்தான். அவர் காற்றூட்டும் கைப்பம்பை எடுத்து ஆதனின் வாயில் பொருத்தி அமுக்கத் தொடங்கினார். வீங்கிய இதயம் அதற்கு அசைந்துகொடுக்கவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா, உசுரோட இருக்கான்னு சொல்லு."

"எம்பிள்ள சாகல" என்று சுடர்க்கொடி வளர்காப்பின் மேல் வாயை வைத்துக் கத்தினாள். "இருக்கான். எம்பிள்ள உசுரோட இருக்கான்."

அதையும் அது பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மார் வாயிலிருந்து கேட்டிருந்தது.