தாழிமலையைப் பார்த்தவர்கள்

மதுரையில் பேருந்து கிளம்புவதற்கு முன் என் முதல் வேலை, வந்திருக்கிற எல்லாருடைய மூக்கிலும் கண்ணாடி ஏறியிருக்கிறதா என்று சரிபார்ப்பது. வழியில் கழற்றக் கூடாது, துடைக்க வேண்டுமென்றால் என்னிடம் சொல்ல வேண்டும், குழந்தைகளுக்குச் சின்ன அளவு இருக்கிறது. தினமும் இதே பாட்டுதான். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் கண்கணக்கி. பயணிகள் ஐ-டிராக்கர் என்பார்கள். எங்களைப் போன்ற வழிகாட்டிகள் நொள்ளைக்கண்ணி என்போம், அவர்கள் காதில் விழாமல்.

ஒருநாள் தொல்லிட உலா. காலையில் கோட்டைமேட்டு இடிபாடுகள், நடுவில் சாப்பாடு, சாப்பிட்டதும் தாழிமலை, சாயங்காலம் அருவி. அருவி என்றால் தானாக விழுகிற அருவி இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்ததும் மோட்டாரைப் போடுவார்கள், திரும்பியதும் நிறுத்துவார்கள். வானவில்லும் உண்டு, அதற்கென்று பாறை இடுக்கில் ஒரு விளக்கை வைத்திருக்கிறார்கள். பயணிகளுக்கு அது தெரியும். தெரிந்துதான் வாயைப் பிளப்பார்கள்.

என் பெயர் அழகுநாச்சி. பிறந்தது தாழிமலைக்கு அடிவாரத்தில், தாழிப்பட்டியில். ஆக, தினமும் சம்பளம் வாங்கிக்கொண்டு என் ஊரையே நான் வேடிக்கை காட்டுகிறேன். வாய்த்த பிழைப்பு அப்படி.

பயணிகள் பெரும்பாலும் கரைக்காரர்கள், கடற்சுவருக்கு உள்ளே குடியிருக்கிறவர்கள். பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரைக்கும் போகிற சுவர் அது. கட்டக் கட்டக் கடல் ஏறுகிறது, ஏற ஏற இவர்கள் கல் கேட்கிறார்கள். கல்லுக்கு எங்கே போவது? மலைக்குத்தான். எந்த மலையை உடைப்பது, எந்த மலையை விடுவது என்று ஊருக்கு ஊர் அடிதடியானபோது, அரசாங்கம் ஒரு நியாயம் கண்டுபிடித்தது. மக்கள் எதைப் பார்க்கிறார்களோ அது நிற்கட்டும், பார்க்காதது சுவருக்குப் போகட்டும். கேட்க என்ன அழகாக இருக்கிறது! எங்கள் பேருந்தின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கிறது: 'மக்கள் கண்ணே மக்கள் தீர்ப்பு'.

கண்ணாடி போட்டவர் கண் ஓர் இடத்தின் எல்லைக்குள் எவ்வளவு நேரம் நிலைத்து நிற்கிறது என்று கண்கணக்கி அளக்கும். அதற்கு நோக்கு என்று பெயர். ஒவ்வோர் இடமும் ஆறு மாதத் தவணைக்குள் இவ்வளவு நோக்கு பெற வேண்டும் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். என் மணிக்கட்டில் இருக்கிற பட்டையில் அது தெரியும். கோட்டுக்குக் கீழே சிவப்பு, மேலே பச்சை. எல்லைக்குள் எதைப் பார்த்தாலும் சரி, கல்லானாலும் நாயானாலும் நோக்கு நோக்குதான். கோட்டைமேட்டுக்காரர்கள் இதற்காகவே ஏழெட்டு மயிலை வளர்க்கிறார்கள். அந்தக் காலத்தில் கண் பட்டுவிடுமே என்று வாசலில் பூசணிக்காய் கட்டினார்களாம். இப்போது கண் படாவிட்டால் ஊரே இல்லை.

இதில் எங்களுக்கு ஒரு வில்லங்கம். வழிகாட்டி தன் வாயால் 'பாருங்கள்' என்று சொல்லக் கூடாது. அது மக்கள் தீர்ப்பில் தலையிடுவதாம். பார்க்கச் சொல்லாமல் ஊர் சுற்றிக் காட்டு என்றால் என்ன செய்வது? மலையில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன என்பேன், ஊரில் அதைப் பாண்டவர் படுக்கை என்போம் என்பேன். படுக்கைக்கு மேலே, பாறையின் நெற்றியில், அதை வெட்டிக் கொடுத்தவன் பேர் பழைய எழுத்தில் இருக்கிறது என்பேன். உச்சியில் வற்றாத சுனை இருக்கிறது, அதன் கசிவில்தான் எங்கள் ஊர்க் கண்மாய் பிழைக்கிறது என்பேன். நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவர்கள் கொட்டாவி விடுவார்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருகிற கூட்டத்துக்கு ஈராயிரம் வருஷத்து எழுத்து எதற்கு? மூடிய கண்ணுக்கு நோக்கு கிடையாது. தாழிமலையைக் காலையில் வையுங்கள் என்று நிறுவனத்தில் கெஞ்சிப் பார்த்தேன். சாப்பாட்டுக் கடை பக்கத்தில் இருக்கிறதாம், மாற்ற முடியாதாம்.

என் தம்பி சோணைமுத்துவுக்கு மலையில்தான் வேலை. பாறை வெடிப்பில் முளைக்கிற ஆலங்கன்று, அரசங்கன்றுகளைப் பிடுங்குவது. விட்டால் வேர் போய்ப் பாறையைப் பிளந்துவிடும். கயிற்றைக் கட்டிக்கொண்டு எழுத்துக்கு மேலே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பான். பேருந்து வந்து நின்றால் அவனுக்குக் குஷி வந்துவிடும். ஒரு கையை விட்டுத் தொங்குவான், விசிலடிப்பான், பாறையை உதைத்து ஊஞ்சலாடுவான். தூங்குகிற கண்கள் கொஞ்சம் திறக்கும், பட்டையில் சிவப்பு ஒரு நூல் ஏறும். அவனைத் திட்டாத நாள் கிடையாது. "நீ வாயால காட்டுற, நான் உடம்பால காட்டுறேன்" என்பான்.

அந்த ஆடியில் தவணை முடிய ஒரு வாரம்தான் இருந்தது. பட்டை சிவப்பிலேயே கிடந்தது. பக்கத்துக் குரங்குமலை போன வருஷம்தான் போனது. இப்போது அங்கே மலை இருந்த இடத்தில் பள்ளம், அதில் பச்சைத் தண்ணீர். அந்த ஊர் ஜனம் கடற்கரையில் தகரக் கொட்டகைகளில் இருக்கிறது, தங்கள் மலையைத் தாங்களே கூடைகூடையாகச் சுமந்து சுவரில் போடுகிற வேலைக்கு. தாழிப்பட்டிக்காரர்களுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு வந்த கூட்டம் மகா மட்டம். ஒரு பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒருவர் நின்றுகொண்டே தூங்கினார். சோணைமுத்து மேலேயிருந்து விசிலடித்தான், ஒருவரும் நிமிரவில்லை. பாறையை உதைத்து ஆடினான், பலிக்கவில்லை. பிறகு என்றைக்கும் இல்லாத அளவுக்கு எட்டி உதைத்தான். கயிறு கட்டியிருந்த மரம் வேரோடு சாய்வதை நான் கீழேயிருந்து கண்டேன்.

அவன் பாறையில் ஒருமுறை மோதி, அப்புறம் தரையில் விழுந்தான்.

"பாக்காதீங்க, பிள்ளைங்க கண்ணப் பொத்துங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஒருத்தரும் கண்ணை எடுக்கவில்லை. நகம் பார்த்தவள் முன்னால் வந்துவிட்டாள், தூங்கியவர் எம்பி எம்பிப் பார்த்தார். தம்பி தலையை மடியில் எடுத்துப் போட்டபோது என் மணிக்கட்டு அதிர்ந்தது. பட்டை கோட்டைத் தாண்டிப் பச்சையில் ஓடிக்கொண்டிருந்தது. என் மடியில் அவன் ரத்தம். அந்த நேரத்திலும் ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லவே நாக்கு கூசுகிறது. ஆனால் இருந்தது.

இடுப்பும் முதுகும் உடைந்திருந்தன, காலில் உணர்ச்சி போயிருந்தது, உயிர் தப்பியது. மலையும் தப்பியது. ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு அல்வா வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவன் கட்டோடு படுத்துக்கொண்டு சிரித்தான். அவன் மனைவி ராக்கு மட்டும் அல்வாப் பொட்டலத்தை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த தவணை தொடங்கியது. விழுந்த காட்சி கண்ணாடிகள் வழியாகக் கரை முழுக்கப் பரவியிருந்ததால், வருகிறவர்கள் எல்லாரும் அந்த மனிதர் எங்கே விழுந்தார் என்றுதான் முதலில் கேட்டார்கள். இடத்தைக் காட்டினேன். வெறும் தரை, எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்கள்? ஒரு மாதத்தில் பட்டை மறுபடி சிவப்புக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் சோணைமுத்து என்னைக் கூப்பிட்டுச் சொன்னான்: "அக்கா, என்னைக் கட்டிலோட தூக்கிட்டுப் போயி மலையடியில போடுங்க."

நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். உன்னைப் பெற்றது இதற்கா, ஊருக்காக நீ ஒருவன்தான் நேர்ந்துவிட்ட கிடாயா என்று கேட்டேன். அவன் அசையவில்லை. வீட்டில் படுத்தாலும் படுக்கைதான், அங்கே படுத்தாலும் படுக்கைதான், இதில் உனக்கென்ன நட்டம் என்றான். குரங்குமலைக்காரர்களைப் போல ராக்கு கூடை சுமப்பதைத் தான் பார்க்க வேண்டுமா என்று கேட்டான்.

கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டோம். ராக்கு பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். முதல் நாள் பேருந்து வந்து அத்தனை பேரும் சுற்றி நின்றபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது, அவமானத்தில். அவர்கள் அதைப் புருஷன்மேல் உள்ள பாசம் என்று நினைத்து உருகினார்கள். ஒருவர் கண்ணும் இமைக்கவில்லை. அதன்பிறகு தினமும் அழுதாள். முதலில் தானாக வந்தது, பிறகு வரவழைத்தாள். கரைக்காரர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். பழம் வாங்கிவந்து கொடுப்பார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவரும் திரும்பி மலையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நிறுவனம் உலா விளம்பரத்தை மாற்றியது. 'கற்படுக்கைகளும் தொல்லெழுத்தும்' என்று இருந்த இடத்தில் 'மலைக்காக விழுந்த மனிதர்' என்று போட்டார்கள். கோட்டைமேட்டுக்காரர்கள் மயில்களை விற்றுவிட்டுக் கை போன ஒருவரைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். காலில் உணர்ச்சி திரும்பினால் உடனே நடைப் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். தள்ளிப் போட்டால் நரம்பு மறந்துவிடும், தசை சூம்பிவிடும், அப்புறம் நானே வந்தாலும் முடியாது என்றார். அப்போது நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உணர்ச்சியாவது, திரும்புவதாவது!

ஐப்பசியில் ஒரு நாள் மழைக்காக உலாவை நிறுத்தியிருந்தார்கள். அவன் வீட்டில் நானும் ராக்குவும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். உள்ளே ஏதோ உருண்ட சத்தம். நிமிர்ந்தால் சோணைமுத்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கட்டிலிலிருந்து அங்கு வரை வந்திருக்கிறான். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கதவை விட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

ராக்கு கீரையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். அவனைப் பிடிக்கத்தான் ஓடுகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராகப் போய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நான்? நான் ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே செய்தோம்.

அவன் நடுவீட்டில் நின்றபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

ராக்கு அவன் தோளைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தாள். "இந்தத் தவணை மட்டும் முடியட்டுங்க. அப்புறம் நடக்கலாம். நான் உங்க கையைப் பிடிச்சு நடத்துறேன்."

"அடுத்த தவணைக்கு?" என்று அவன் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் கீரையைப் பார்த்தேன்.

ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு நடக்கலாமே என்று பிறகு நான்தான் யோசனை சொன்னேன். அவன் வேண்டாம் என்றுவிட்டான். நடக்க வருகிற உடம்பு படுக்கையில் பொய்யாகப் படுக்காது, அந்தக் கண்ணாடிக்கு இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்றான். பெரிய கூத்துக்காரன் மாதிரி அவன் அதைச் சொன்னபோது எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. தாழிப்பட்டியில் எத்தனை வீடு, எத்தனை பிள்ளைகள் என்று மனசு தன்னால் எண்ணத் தொடங்கிவிட்டது. அக்கா என்றால் அந்த நேரத்தில் எண்ணாமல் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் மழை விட்டது. பேருந்து வந்தது. கட்டிலைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். நகரத்து அம்மாள் ஒருவர், நல்ல மனசுக்காரி, கண்ணாடிக்குள்ளே கண்ணீர் ததும்ப என்னிடம் கேட்டார்: "இவர் என்றைக்காவது எழுந்து நடப்பாரா?"

சோணைமுத்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்கக் காத்திருந்தான். ராக்கு விசிறுவதை நிறுத்தினாள்.

"இல்லம்மா. இனி இவர் நடக்கவே மாட்டார்" என்றேன்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. என் மணிக்கட்டு மெல்ல அதிர்ந்தது. அவன் முகத்தை ஆளில்லாத பக்கம் திருப்பிக்கொள்ள முடியாமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். அதுவும் நன்றாகவே அமைந்தது, அந்த அம்மாள் விசும்பிவிட்டார்.

அதன்பிறகு தினமும் யாராவது ஒருவர் அதைக் கேட்கிறார்கள், நானும் அதே பதிலைச் சொல்கிறேன். அன்றைக்கு நான் சொன்னது பொய். தை பிறந்தபோது டாக்டர் வந்து, அவன் காலைத் தட்டிப் பார்த்து, போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனார். இப்போது அது பொய் இல்லை.