கோபுரம் ஏறிய உழவாரன்

துனீசியாவின் மொனாஸ்தீர் நகரத்தில், ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகக் கடலைப் பார்த்தபடி நிற்கிறது ரிபாத் கோட்டை. அன்று சுற்றுலா வந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அதன் காவல் கோபுரத்தில் ஏறிவிட்டார்கள், ஷிராஸைத் தவிர.

இருட்டும் சுழல் படியும் சேர்ந்தால் அவளுக்கு நடுக்கம். "கால் வலிக்குது டீச்சர்" என்று சொல்லிவிட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து, கோட்டைச் சுவரில் கூடு கட்டியிருந்த உழவாரன் குருவிகளை வேடிக்கை பார்த்தாள். ஒவ்வொன்றும் பொந்திலிருந்து கல் மாதிரி கீழே விழும். பாதி வழியில் இறக்கையை விரித்துச் சர்ரென்று கடல் பக்கம் போய்விடும்.

பிள்ளைகள் இறங்கி வந்த நேரம், ஓர் உழவாரன் தரையில் கிடந்து படபடத்தது. கோட்டைப் பூனை பதுங்கிப் பதுங்கி வந்தது. ஷிராஸ் ஓடிப்போய்ப் பறவையை இரு கைகளிலும் அள்ளிக்கொண்டாள்.

"இறக்கை ஒடிஞ்சிருக்கும். பாவம்," என்றான் அவள் வகுப்புத் தோழன் அய்மன்.

ஷிராஸ் உற்றுப் பார்த்தாள். இறக்கைகள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. கால்கள்தான் துளியூண்டு.

"ஒடியலடா. இந்தக் காலால எம்பிப் பறக்க முடியல. உயரத்துலேருந்து விழுந்தாத்தான் இதுக்குப் பறக்க வரும்."

"அப்ப குடு, நான் மேல கொண்டு போறேன். உனக்குத்தான் கால் வலியாச்சே."

அவன் கை பட்டதுமே பறவை துடித்தது. ஷிராஸ் மெல்ல மூடிக்கொண்டதும் அடங்கியது.

"டீச்சர், நானே போறேன்."

மூனியா டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் இருக்கு. அய்மன், நீயும் கூடப் போ. யாரும் ஓடக் கூடாது."

சுவரைப் பிடிக்க அவளுக்குக் கை காலியாக இல்லை. பாதங்களால் படியைத் தடவித் தடவி ஏறினாள். உள்ளங்கைக்குள் பறவையின் நெஞ்சு அவள் நெஞ்சைவிட வேகமாக அடித்தது.

"பயப்படாதே, இன்னும் கொஞ்சந்தான்," என்றாள்.

"நான் பயப்படலையே," என்றான் அய்மன்.

"உன்னைச் சொல்லல."

உச்சியில், மதிலுக்கு மேல் கையை நீட்டி விரித்தாள். பறவை ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு விழுந்தது. ஷிராஸ் எட்டிப் பார்த்தாள். கீழே, இன்னும் கீழே... சட்டென்று இறக்கை விரிந்தது. கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றிக் கடலுக்கு மேல் புள்ளியாய் மறைந்தது.

அப்போதுதான் அவள் சுற்றிலும் பார்த்தாள். தேன்நிறக் கல்மதில்கள், வெள்ளை வெள்ளையாய் வீடுகள், மீன்பிடிப் படகுகள், எல்லையே இல்லாத நீலம். இவ்வளவையும் அந்தக் காலத்துக் காவல்காரர்கள் தினமும் பார்த்திருப்பார்களே!

"வா, இறங்கலாம். படி இருட்டா இருக்கும், பயமா இருக்கா?" என்றான் அய்மன்.

"இறங்கும்போது பயந்துக்கறேன். இப்ப கொஞ்சம் பாக்க விடு."