வெள்ளை வெளிச்சம் கேட்ட டிரைவர்

கிரீ...ச்!

டமார்!

கடை வாசலில் அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள் நாலு பக்கமும் உருண்டன. அதில் ஒன்று ஹட்டன் கடைவீதியைக் குறுக்கே கடந்து, எதிரிலிருந்த மரக்கறிக் கடைக்குள் விருந்தாளி மாதிரி நுழைந்தது.

மோட்டார் சாமான் கடையின் கவுண்டருக்குப் பின்னாலிருந்து பெற்றீசியா எட்டிப் பார்த்தாள்.

பச்சை நிற ஆஸ்டின் பிக்கப்!

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் வண்டி அது. ஓட்டுகிறவன் அவளுடைய கணவன் டக்ளஸ். வாரத்தில் ஆறு நாள் தோட்டத்துக் குவாட்டர்ஸில் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பின்னாலுள்ள இந்த வீட்டுக்கு வருவான். இந்த வாரம் மட்டும் புதன்கிழமையே வருவதாக நேற்று மாலை போன் செய்திருந்தான்.

காலை எட்டு மணிக்கு வரவேண்டியவன். இப்போது மணி பதினொன்று!

"வரட்டும் ஐயா... இன்னைக்கு இருக்கு பூசை!" என்று சிரித்துக்கொண்டே எழுந்தவள், அப்படியே நின்றாள்.

பிக்கப்பின் முன்லைட்டுகள் இரண்டும் நொறுங்கிக் கிடந்தன. கதவுப் பிடியில் காய்ந்த ரத்தம்.

இறங்கி வந்தவன்... டக்ளஸ் இல்லை!

உயரமான ஆள். கத்தரித்த மீசை. காக்கிக் கோட்டு.

"லைட்டு வேணுங்க. ரெண்டும். கெதியா... சுருக்கா வேணும்."

தோட்டத்து ஸ்டோர் கீப்பர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை நீட்டினான். பிக்கப்புக்கு முன்லைட்டு ஒரு சோடி கொடுக்கும்படி அதில் எழுதியிருந்தது.

"டிரைவர் பேரு போடணும்ங்க. உங்க பேரு?"

அவன் அவள் கண்களையே பார்த்தான்.

"டக்ளஸ்."

பெற்றீசியாவின் கையிலிருந்த பென்சில் முறிந்தது!

கல்யாணமாகி மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமை பார்த்த அவள் கணவன் மூன்றே நாளில் அரை அடி வளர்ந்து மீசையும் வைத்துக்கொண்டு வந்திருக்கிறானா?

கத்தலாம். கத்தினால் இவன் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்துவிடுவான். அப்புறம் டக்ளஸ் எங்கே என்று யாரைக் கேட்பது?

'விடக்கூடாது. பேசியே பிடிச்சு வைக்கணும்!'

உதட்டில் ஒரு புன்னகையை ஒட்டிக்கொண்டாள்.

"உக்காருங்க டிரைவர் ஐயா. வீரய்யாண்ணே! பின்கட்டுல பெட்டிய இறக்கணும், கொஞ்சம் வாங்க!"

வாசலில் ஒரு ஜீப்பின் அடியில் படுத்திருந்த வீரய்யா எழுந்து வந்தான். அவள் அப்பா காலத்திலிருந்து கடையில் லைட்டு மாட்டுகிறவன். பச்சை பிக்கப்பைப் பார்த்தான். கையிலிருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது.

பின்கட்டில் பெற்றீசியா அவன் காதருகே குனிந்தாள்.

"பொலிஸ கூட்டிட்டு வாங்கண்ணே. ஒண்ணும் கேக்காதீங்க. ஓடுங்க!"

வீரய்யா எதுவும் கேட்கவில்லை. பின்வாசல் வழியாக ஓடினான்.

பெற்றீசியா கைக்கு எட்டிய பெட்டிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கவுண்டரில் கடை பரப்பினாள்.

"எப்பிடி லைட்டுங்க வேணும்?"

"லைட்டுதான். எரியிற லைட்டு."

"எரியாத லைட்டு நாங்க விக்கிறதில்லீங்க!"

அவன் சிரிக்கவில்லை. அவள் விடவில்லை.

"இது பல்பு தனி, கண்ணாடி தனி. பல்பு போச்சுன்னா பல்ப மட்டும் மாத்தலாம். இது ஒரே கண்ணாடியா மூடி வந்தது. தண்ணி எறங்காது, தூசி எறங்காது. ஆனா போச்சுன்னா முழுசா போச்சு. எது போடுறீங்க?"

"ரெண்டாவது."

"அவசரப்படாதீங்க. கல்யாணப் பொண்ணக்கூட ரெண்டு தடவ பாக்குறாங்க! வண்டிக்கு ஆறு வோல்ட்டா, பன்னெண்டா?"

அவன் விழித்தான்.

"...பன்னெண்டு."

"நெசமாவா?"

"பன்னெண்டுதான்!"

"சரிங்க, கோவிச்சுக்காதீங்க. கண்ணாடி மஞ்சளா, வெள்ளையா?"

"வெள்ளை. இருக்கிறதுக்குள்ள ஆகக் கூடின வெளிச்சம். ரோட்டு பகல் மாதிரித் தெரியவேணும்!"

பெற்றீசியா பெட்டிகளை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டாள்.

மலைநாட்டு டிரைவர் எவனும் இதைக் கேட்க மாட்டான்! பட்டப்பகலிலேயே பனிமூட்டம் ரோட்டை விழுங்கிவிடும் ஊர் இது. அந்தப் பனியில் வெள்ளை வெளிச்சத்தை அடித்தால் கண்ணெதிரே வெள்ளைச் சுவர்தான் நிற்கும். அதனால்தான் இங்கே எல்லோரும் மஞ்சள் கண்ணாடி கேட்பார்கள். இல்லாதவர்கள் லைட்டின் மேல் மஞ்சள் தாளையாவது ஒட்டிக்கொள்வார்கள். டக்ளஸ் வெள்ளைப் பல்பைக் கையாலும் தொடமாட்டான்.

இவன் டக்ளஸும் இல்லை... டிரைவரும் இல்லை... இந்த மலைக்காரனே இல்லை!

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வீரய்யா போய்ப் பதினைந்து நிமிஷம். பொலிஸ் நிலையம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. என்னதான் செய்கிறார்கள்!

"வளையம் நிக்கலா, கறுப்பா?"

"எதெண்டாலும்... எதுன்னாலும் பரவாயில்ல!"

"எதிர்ல பஸ் வந்தா வெளிச்சத்த எறக்கணும். எறக்குனா எடது பக்கம் மண்ணுல விழணும். எங்க, அந்தச் சுவத்துல அடிச்சுக் காட்டுறேன், பாருங்க..."

பற்றரியை இழுத்து வைத்தாள். ஒவ்வொரு லைட்டாக எரித்தாள். அணைத்தாள். மறுபடி எரித்தாள். ஏழு லைட்டு! சுவருக்கே கண் கூசியிருக்கும்.

எட்டாவது பெட்டியை எடுத்தபோது அவன் எழுந்தான்.

"போதும்! மிச்சத்தைப் பிறகு பாப்பம்." கை காக்கிக் கோட்டின் உட்பைக்குள் போனது.

துப்பாக்கியா?

அவ்வளவுதான். பெற்றீசியாவின் பொறுமை வெடித்தது. கவுண்டருக்கு அடியிலிருந்த, லொறியைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் இரும்பு ஹேண்டிலை இரண்டு கையாலும் ஓங்கினாள்!

"கைய வெளிய எடுடா! என் புருஷன் எங்க? சொல்லு! இல்லாட்டி ஒன் மண்டைக்கும் புது லைட்டு மாட்ட வேண்டி வரும்!"

அவன் கை மெதுவாக வெளியே வந்தது.

கையில் துப்பாக்கி இல்லை. ஓர் அடையாள அட்டை இருந்தது!

"அடிச்சுப்போடாதேங்கோ அம்மா! நான் சப் இன்ஸ்பெக்டர் செபஸ்தியாம்பிள்ளை. யாழ்ப்பாணத்திலயிருந்து போன கிழமைதான் மாறி வந்தனான்."

ஹேண்டில் அந்தரத்தில் நின்றது.

"பொ... பொலிஸா?"

"ஓம். உங்கட மனுசன் உயிரோட இருக்கிறார். முதல்ல அந்த இரும்பைக் கீழ வையுங்கோ."

பெற்றீசியா ஹேண்டிலைக் கீழே வைத்தாள். பிறகு அவளும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கங்க இருக்காரு? என்னங்க ஆச்சு?"

"ஆஸ்பத்திரியில. பனிக்குள்ள ஆரோ பின்னால வந்து தலையில அடிச்சிருக்கிறாங்கள். கொழுந்தெடுக்கப் போன பொம்பிளையள்தான் கண்டவை. தப்பிடுவார் எண்டு டொக்டர் சொல்லிட்டார். ஆனா இன்னும் கண் முழிக்கேல்லை."

"மாதாவே!" அவள் தாவி எழுந்தாள். "நான் போறேன்!"

"நானே கூட்டிக்கொண்டு போறன். ஒரு நிமிசம். வண்டியில தேயிலைப் பெட்டி அப்பிடியே இருக்கு. சட்டைப் பையில காசும் இருக்கு. அடிச்சவன் எதையும் எடுக்கேல்லை. ஆனா ரெண்டு லைட்டையும் மட்டும் நொறுக்கியிருக்கிறான். ஏன்? பையில இருந்த துண்டைப் பாத்தன். இந்தக் கடைக்கு எழுதினது. அதான் நானே டக்ளஸாய் வந்தனான்."

"என்கிட்டயேவா!"

"உங்களைச் சோதிக்கத்தான்! புருசன்ர பேரை இன்னொருத்தன் சொல்லுறான். நீங்கள் ஒரு சொல்லுக் கேக்கேல்லை. சிரிச்சுச் சிரிச்சு லைட்டு விக்கிறியள். இவதான் ஆள் வைச்சு அடிச்சிருக்கிறா எண்டு நான் முடிவே கட்டிட்டன்!"

"நீங்கதான் கொன்னுட்டீங்கன்னு நான் முடிவு கட்டுனேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரை மணி நேரம் இரண்டு பேருமே கெட்டிக்காரர்களாக இருந்திருக்கிறார்கள்!

செபஸ்தியாம்பிள்ளை வண்டிக்குப் போய், நொறுங்கிய லைட்டின் வளையத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"இது உங்கட கடைச் சாமானோ?"

"ஆமாங்க. போன மாசம் பெட்டி பிரிக்காத புது லைட்டா நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

வாங்கிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள்.

நிக்கல் உரிந்து வந்தது. நிக்கல் இல்லை... வெள்ளிப் பெயின்ட்! அதற்குக் கீழே பத்து வருஷத் துரு.

"இது... இது நான் குடுத்த லைட்டே இல்லீங்க! யாரோ பழசுக்குப் பெயின்ட் அடிச்சு மாட்டியிருக்காங்க! இது எரியும்... குலுங்குனா அணைஞ்சிரும்!"

சொல்லும்போதே அவளுக்கு இன்னொரு வண்டி நினைவுக்கு வந்தது.

"போன மாசம் நோட்டன் பிரிட்ஜ் ரோட்டுல ஒரு லொறி பள்ளத்துல விழுந்து டிரைவர் பழனியாண்டி செத்துப் போனாரு. குடிச்சிட்டு ஓட்டுனாருன்னு சொன்னாங்க. அந்த லொறிக்கும் லைட்டு இங்க இருந்துதாங்க போச்சு!"

"உங்கட மனுசன் அதைக் கண்டுபிடிச்சிருக்கிறார். உங்களுக்குக் காட்டக் கொண்டு வந்திருக்கிறார். அதை மறைக்கத்தான் அடிச்சவன் லைட்டை நொறுக்கியிருக்கிறான். அவர் வாறது ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நேத்து போன எடுத்த வீரய்யா அண்ணனுக்குத் தெரியும். 'டக்ளஸ் காலையில வர்றாராம் தங்கச்சி'ன்னு..."

நிறுத்தினாள்.

"லைட்டு மாட்டுறது ஆர்?"

"சேச்சே! அவரு எங்க அப்பா காலத்து ஆளுங்க! உங்களப் பிடிக்கச் சொல்லி நானே அவர பொலிஸுக்கு அனுப்பிச்சிருக்கேன்!"

ட்ரிங்... ட்ரிங்!

போன் அலறியது. இந்தக் கடைக்கு வருவதாக ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வந்திருந்த செபஸ்தியாம்பிள்ளை எட்டி எடுத்தார்.

"ஓம், நான்தான்... ஆர் வந்து நிக்கிறது? வீரய்யாவோ? என்ன சொல்லுறார்? திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ..."

போனின் வாயைப் பொத்தினார்.

"அம்மா, அந்த ஆளை என்ன சொல்லி அனுப்பினனீங்கள்?"

"'பொலிஸ கூட்டிட்டு வாங்க'ன்னு. அவ்வளவுதாங்க."

"டக்ளஸ் அடிபட்டது பற்றி?"

"அது எனக்கே நீங்க சொல்லித்தானே தெரியும்!"

சப் இன்ஸ்பெக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். கையை எடுத்துவிட்டுப் போனில் பேசினார்.

"கொன்ஸ்டபிள், 'டக்ளஸைப் பாலத்தடியில வைச்சு வீல் ஸ்பானரால அடிச்ச கள்ளன் கடையில நிக்கிறான்' எண்டுதானே சொல்லுறார்? அங்க கிடந்த ஸ்பானரைப் பற்றி நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே... அவருக்கு நல்ல சூடாய் ஒரு பிளேன்டீ குடுங்கோ, கம்பிக்கு உள்ளுக்க இருத்தி வைச்சு!"