சான்றிதழில் பெயர் உள்ளவர்

"இன்னிக்குமா? எங்க கெளம்பிட்ட நீ?"

மருதம்மாள் இப்படிக் கேட்டபோது காலை மணி ஏழரைகூட ஆகவில்லை. வாசலில் வாழை மரம் கட்டியாயிற்று. பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டாயிற்று. கூடத்தில் பேத்தி லோஷினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஈப்போவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வருகிறார்கள், பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவே தட்டு மாற்றியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து மூத்த மருமகள் தேவகி பட்டுச் சேலையும் பூவுமாக, கையில் ஒரு ஃபைலும் வேன் சாவியும் வைத்துக்கொண்டு நின்றால் எந்த மாமியாருக்குத்தான் வயிறு எரியாது, சொல்லுங்கள்.

"ஒரு அவசர வேலை அத்தை. பதினொண்ணுக்கெல்லாம் வந்துடறேன்."

"என்ன வேலை? தாயில்லாப் புள்ளைக்கு நிச்சயம். மூணு வயசுலேருந்து நீதான தூக்கி வளத்த? தாலியோட நின்னு தட்டு வாங்க இந்த வீட்டுல உன்னை விட்டா யாரு இருக்கா? நானா வாங்க முடியும்?"

லோஷினியின் அப்பா திவாகரன் எட்டிப் பார்த்தான். அவன் மருதம்மாளின் இளைய மகன், பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மனைவி போனபிறகு மகளோடு அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவன்.

"அண்ணி, ஒரு நாள் கடைய மறந்தா ஒண்ணும் ஆயிடாதுலா," என்றான்.

தேவகி திரும்பினாள். பின்கட்டில் சமையல்காரர்களோடு நின்ற தன் புருஷன் புவனேசனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெங்காயக் கூடையை எண்ணாத குறையாகப் பார்த்தான். அவள் படியிறங்கினாள். "போறா பாரு, கல்லு மனசு..." என்று மாமியார் சொன்னது வேன் கதவைச் சாத்தும்வரை காதில் விழுந்தது.

சுங்கைப் பட்டாணியில் லோரிக்குக் கன்வாஸ் தைக்கும் கடை அவர்களுடையது. மாமனார் பக்கிரிசாமி தொடங்கியது. ஐந்து பேர் அதை நம்பிப் பிழைக்கிறார்கள். இப்போது வரும் லோரியெல்லாம் முதுகில் இரும்புப் பெட்டியோடு வருகிறது, கன்வாஸ் யாருக்கு வேண்டும்? வடக்கே ஓர் இராணுவ முகாமில் இருநூறு லோரிகளுக்குக் கூரைக் கன்வாஸ் மாற்றப்போகிறார்கள் என்று தெரிந்தபோதுதான் தேவகிக்கு மூச்சு வந்தது. இது கிடைத்தால் மூன்று வருஷத்துக்கு மெஷின் ஓடும். கிடைக்காவிட்டால் தீபாவளிக்குள் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

கிடைப்பது என்ன லேசா? சின்னக் கடைக்காரர்களும் போடக்கூடிய டெண்டர் அத்தி பூத்தாற்போலத்தான் வரும். முதல் தடவை ஒரு தாளில் கையெழுத்து விட்டுப்போனது என்று கட்டு அப்படியே திரும்பி வந்தது. இரண்டாம் தடவை பாதுகாப்புச் சோதனையில் புவனேசன் பெயர் நின்றுபோயிற்று. அதனால் கடையைத் தேவகி பெயருக்கு மாற்றிப் புதிதாகப் பதிந்தார்கள். மூன்றாம் தடவை புவனேசன் விளக்கக் கூட்டத்துக்குப் போனான். சான்றிதழில் பெயர் உள்ளவர்தான் வரவேண்டும், புருஷன் வந்தால் ஆகாது என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். கூட்டத்துக்கு வராதவர் டெண்டரே போட முடியாது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதை.

இந்த நாலாவது தடவைக்குக் கூட்டத் தேதி வந்தது, இதே ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. அவர்கள் இருக்கும் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் லீவு, ஞாயிறு வேலை நாள். ஈப்போக்காரர்களுக்கோ ஞாயிறுதான் லீவு. இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்ததற்கு அவள் யாரைப் போய் நோவது?

உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்பீர்கள். கடை ஏன் உன் பெயரில் இருக்கிறது, என் மகன் பெயருக்கு என்ன கேடு என்று மருதம்மாள் கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டும். அன்றைக்குப் பாலிங் பக்கத்துத் தோட்டத்தில் நடந்த சண்டையில் ஒருவன் மண்டை உடைந்தது. கட்டையால் அடித்தவன் திவாகரன். அடுத்த மாதம் அவன் ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டியவன். போலீஸ் வந்தபோது, "நான்தான் அடிச்சேன்," என்று முன்னால் போய் நின்றவன் புவனேசன். ஆறு மாதம் ஜெயில். பெற்றவர்களுக்கு அன்றிலிருந்து அவன் ரௌடி, இளையவன் சார். கல்யாணமான புதிதில் இதைத் தேவகியிடம் சொன்ன கையோடு, அந்தக் கேஸைப் பற்றி வீட்டில் வாயே திறக்கக் கூடாது என்று தன் தலையில் அவள் கையை வைத்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டான் மனுஷன்.

இன்றைக்குச் சம்பந்தி வீட்டார் வரும் நாளில் அதையா கிளற முடியும்? தேவகி வேனை மிதித்தாள்.

முகாம் வாசலில் எட்டு ஐம்பது. அடையாள அட்டையான ஐ.சி.யைக் கொடுத்தாள், சான்றிதழைக் காட்டினாள். காவலுக்கு நின்ற பையன் அவள் காலைப் பார்த்தான்.

"செலிப்பார் தா போலே, கக்," என்றான் மலாயில். கக் என்றால் அக்கா. செருப்புக் காலோடு உள்ளே விடமாட்டானாம். மூடிய சப்பாத்து வேண்டுமாம்.

தேவகி குனிந்து பார்த்தாள். பட்டுச் சேலைக்கு ஏற்ற ஜரிகைச் செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். சுற்றிலும் கடையா கண்ணியா? எட்டு ஐம்பத்து மூன்று. கெஞ்சிப் பார்த்தாள். பையன் பாவம், அவன் என்ன செய்வான். எட்டு ஐம்பத்தைந்து.

பின்னால் காடியை நிறுத்திவிட்டு வந்த ஒரு பெண் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் ஃபாத்தின், அலோர் ஸ்டாரில் கூடாரம் தைக்கிறவள், அதே டெண்டருக்கு வந்தவள். திரும்பி ஓடிப்போய்க் காடியின் பின்பக்கத்திலிருந்து ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்தைக் கொண்டுவந்து போட்டாள்.

"போன தடவை என்னையும் இப்படித்தான் திருப்பி அனுப்பினாங்க. அதுலேருந்து ரெண்டு ஜோடி வெச்சிருக்கேன். போடுங்க கக், சீக்கிரம்," என்று மலாயில் சொன்னாள்.

போட்டிக்காரி. அவள் அப்படியே நடந்துபோயிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? தேவகி அதை இறுக்கமாக மாட்டிக்கொண்டு ஓடினாள். செருப்பு ஃபாத்தின் காடியில் கிடந்தது. இருவரும் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தினார்கள்.

கூட்டம் பத்து மணிக்கு முடியும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள். பத்து மணிக்கு, "இப்போது லோரிகளைப் போய்ப் பார்த்து அளவெடுங்கள்," என்றார் அதிகாரி. முடிந்து திரும்பி வந்து மறுபடி கையெழுத்துப் போட்டால்தான் வந்ததாகக் கணக்கு. நடுவில் போகிறவர்கள் போகலாம், டெண்டர் கிடையாது. தேவகி வெயிலில் லோரி மேல் ஏறி அளவெடுத்தாள். பத்தரை ஆயிற்று. பத்தே முக்கால். லோஷினி இப்போது கூடத்துக்கு வந்திருப்பாள், வாசலைப் பார்த்திருப்பாள்... ஓடிவிடலாமா என்று இரண்டு தரம் லோரிப் படியில் இறங்கக் காலை வைத்தாள். கடையில் ஐந்து பேர் முகமும் வந்து நின்றது. காலை எடுத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது பதினொன்று பத்து. காவலில் கொடுத்திருந்த போனை வாங்கிப் பார்த்தாள், லோஷினி ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டேகால். பந்தலில் பந்தி முடிந்துவிட்டது. ஈப்போக்காரர்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா முருகையா மட்டும் பாயசக் கிண்ணத்தோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். தேவகி அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு நேரே கூடத்துக்குள் ஓடினாள்.

"சப்பாத்துக் காலோட சாமி கும்பிட்ட கூடத்துக்குள்ள வர்றியா?" என்று மாமியார் கேட்டாள்.

தேவகி அப்போதுதான் காலைப் பார்த்தாள்.

"தாலி இல்லாத கையால நான் தட்டு வாங்கினேன்டி," என்றாள் மருதம்மாள். "பதினொண்ணு இருபத்தஞ்சு வரைக்கும் அந்தப் புள்ள அழுதுகிட்டே வாசலப் பாத்தா. நேரம் முடியப்போவுது, நான் என்ன பண்ணுவேன்? அந்த மனுஷங்க முகத்தப் பாக்காம கைய நீட்டுனேன். அதுக்கு ஏதாவது கெடுதி வந்தா யாரு பொறுப்பு?"

"அத்தை... மன்னிச்சிருங்க."

"மன்னிப்பு யாருக்கு வேணும்? எங்க போன?" மருதம்மாள் அவள் கையிலிருந்த ஃபைலைப் பிடுங்கித் திவாகரனிடம் நீட்டினாள். "நீ படிச்சவன். இதுல என்னதான் இருக்குன்னு சத்தமா படி."

புவனேசன் பின்கட்டிலிருந்து வந்து நின்றான். "அம்மா, வேணாம். அப்புறம் பேசிக்கலாம்."

"நீ சும்மா இரு. பொண்டாட்டிக்குப் பயந்தவன்."

திவாகரன் முதல் தாளைப் புரட்டினான். முகம் சிவந்தது. "கடைச் சான்றிதழ்மா. உரிமையாளர், தேவகி த/பெ ராமையா."

"அண்ணன் பேரு?"

"இல்ல."

"உன் பேரு?"

"இல்லம்மா. அண்ணி பேரு மட்டும்தான்." ஃபைலோடு அண்ணி பக்கம் திரும்பினான். "அப்பா ஆரம்பிச்ச கடை அண்ணி. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம முழுங்கிட்டீங்களே. இதுக்குத்தான் எம்மக நிச்சயத்த விட்டுட்டு ஓடுனீங்களா?"

தேவகி புருஷனைப் பார்த்தாள். அவன் கண் வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சியது. "ஆமா தம்பி. என் பேருதான். இனிமே என்ன வேணா நெனைச்சுக்குங்க," என்றாள்.

"அடுத்தத படி," என்றாள் மருதம்மாள்.

"இது பாதுகாப்புச் சோதனை பாரம். இராணுவத்துக்கு வேலை செய்யிற கம்பெனியில பேர் இருக்கற ஒவ்வொருத்தரும் எழுதிக் குடுக்கணும்..." திவாகரன் வாத்தியார் குரலில் மலாயைத் தமிழாக்கிக்கொண்டே போனான். "பேரு, ஐ.சி. நம்பர், விலாசம். எப்பவாவது... எப்பவாவது போலீஸ் கேஸ்ல தண்டனை..."

அதோடு நின்றுவிட்டான்.

"ஏன் நிறுத்திட்ட? படி."

தாளுக்குப் பின்னால் பழைய கடிதம் ஒன்று செருகியிருந்தது. புவனேசன் த/பெ பக்கிரிசாமி, தண்டனைப் பதிவு காரணமாக விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. திவாகரன் அதை மனசுக்குள் வாசித்தான். இன்னொரு தரம் வாசித்தான். அவன் அந்த இடத்தில் ஃபைலை மூடியிருக்கலாம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அண்ணனும் அண்ணியும் சாகும்வரை வாய் திறக்க மாட்டார்கள். பந்தலில் சம்பந்தி உட்கார்ந்திருக்கிறார்.

லோஷினி நிச்சயப் புடவையில் அறை வாசலில் வந்து நின்றாள். "பெரியம்மா எங்கப்பா போனாங்க?" என்று கேட்டாள்.

திவாகரன் மகளைப் பார்த்தான். பிறகு, யாரும் எதிர்பார்க்கவில்லை, ஃபைலோடு பந்தலுக்கு நடந்தான். எல்லாரும் பின்னாலேயே போனார்கள்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி. எங்கண்ணன் ஜெயிலுக்குப் போனது நான் பண்ண காரியத்துக்கு. கட்டைய எடுத்தது நான். மண்டைய ஒடச்சது நான். என் படிப்பு கெட்டுடக் கூடாதுன்னு அவரு போய் நின்னாரு. இன்னிக்கு அந்தக் கேஸால அவரு பேருல ஒரு டெண்டர் போட முடியல. அதுக்காக அண்ணி பேருல மாத்தி, அண்ணியே போக வேண்டியதாப் போச்சு. அது தெரியாம... இல்ல, தெரிஞ்சுக்கக் கூடப் பாக்காம, திருடின்னு சொல்லாத குறையா பேசிட்டேன்."

மருதம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். எல்லார் கண்ணும் முருகையா மேல் இருந்தது. இந்தப் பெண்ணின் வாழ்க்கை போயிற்றா, அதற்கா இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டோம் என்று தேவகி லோஷினியைப் பார்த்தாள்.

முருகையா கிண்ணத்தைக் கீழே வைத்தார். துண்டால் வாயைத் துடைத்தார். புவனேசனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்.

"பாயசம் இன்னும் இருக்காம்மா?" என்றார் தேவகியிடம். "அவசரம் இல்ல. மூத்த சம்பந்தி இன்னும் சாப்பிடல போல. அவருக்கு இலை போடுங்க, நான் கூட உட்காருறேன்."

அதற்குமேல் மருதம்மாளால் நிற்க முடியவில்லை. மூத்த மகனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "உங்கப்பா சாகறப்ப உன் கையால கொள்ளி கூடாதுன்னாருடா. நானும் சரின்னேன். மூத்த புள்ளைய ஓரமா நிக்க வெச்சேன். அப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லலியே பாவி..."

"சொல்லியிருந்தா அவன் வேலை போயிருக்கும்மா," என்றான் புவனேசன். அவ்வளவுதான் அவன் பேசினது.

மருதம்மாள் தேவகி பக்கம் திரும்பிக் கை கூப்பப் போனாள். தேவகி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

"எனக்கும் வலிச்சுது அத்தை. கல்லு மனசுன்னு சொன்னீங்களே, வேன்ல போற வழியெல்லாம் அழுதேன். எனக்கும் வாய் இருக்கு. அவரு தலையில கை வெச்சு சத்தியம் வாங்கிட்டாரு, நான் என்ன பண்ணட்டும்..."

மருதம்மாள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "தாலி இல்லாத கைன்னு அழுதேன். அந்தத் தட்ட இப்ப நீ வாங்கும்மா. எங்கிட்டேருந்து வாங்கு," என்றாள். லோஷினி ஓடிப்போய்த் தட்டை எடுத்துவந்தாள். நல்ல நேரம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

திவாகரன் மறுநாளே போலீசுக்குப் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று நின்றான். "அந்த ஆறு மாசத்த யாரு திருப்பித் தருவா? உன் வேலையாவது மிஞ்சட்டும்," என்று புவனேசன் தடுத்துவிட்டான். ஆனால் அப்பாவின் திதியை இனி அண்ணன்தான் கொடுக்க வேண்டும் என்று திவாகரன் சொன்னபோது மட்டும் தடுக்கவில்லை. இரண்டு வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திவாகரன் டெண்டர் தாள்களோடு உட்கார்ந்தான். பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தான்.

டெண்டர் கட்டைக் கொண்டுபோய் முகாம் பெட்டியில் போடும் நாள் வந்தது. பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். கிடைக்குமா கிடைக்காதா என்பது தெரிய மூன்று மாதமாவது ஆகும். தைத்துக் கொடுத்த மாதிரிக் கன்வாஸ் தேறவேண்டும், விலை ஒத்துவரவேண்டும், பெரிய கம்பெனிக்காரன் உள்ளே வராமல் இருக்கவேண்டும். தேவகிக்கு முதல் நாளிலிருந்தே சோறு இறங்கவில்லை. ஃபாத்தினிடம் திருப்பிக் கொடுக்க அந்தக் கறுப்புச் சப்பாத்தைத் துடைத்துப் பையில் வைத்தாள். பிறகுதான், தனக்கு என்ன போட்டுக்கொள்வது என்று யோசனை வந்தது.

கூடத்துக்கு வந்தாள். சாமி அறைக்கு நேர் எதிரே, பளபளவென்று துடைத்த தரையில், ஒரு ஜோடி புதுச் சப்பாத்து இருந்தது. பக்கத்தில் மருதம்மாள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பசார்ல வாங்குனேன். உன் அளவு எனக்கு எங்க தெரியும், கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். முன்னால பஞ்சு வெச்சிருக்கேன்."

தேவகி அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகக் குனிந்தாள்.

"எங்க தூக்கிட்டுப் போற? இங்கயே போட்டுக்கிட்டு நட," என்றாள் மாமியார். "நேரமாச்சு பாரு, பெட்டிய மூடிடுவாங்க."