மார்பகப் பரிசோதனை வேனைக் காணோம்!

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் அம்மாள் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினாள். தூங்கவில்லையாம்... யோசித்துக்கொண்டிருந்தாளாம்! கன்னத்தில் ஃபைல் கயிற்றின் தடம் மட்டும் வேறு கதை சொன்னது.

"சொல்லுங்க..."

"மேடம்! கேன்சர் பரிசோதனை முகாம்லேர்ந்து டாக்டர் பேசறேன். எங்க வேனைக் காணோம்! மார்பகத்தைப் படம் எடுக்கற மிஷினோட தூக்கிட்டாங்க!"

இன்ஸ்பெக்டரின் வலது கை தானாக இடது மார்புப் பக்கம் போனது... சட்டென்று இறங்கியது.

அங்கே ஒரு கட்டி. பட்டாணி அளவு. யாருக்கும் தெரியாது என்று அவளுக்கு நினைப்பு! இதே வியாதியில்தான் அக்கா போய்ச் சேர்ந்தாள். முகாமிலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டார்கள்! 'இந்த கேஸ் முடியட்டும்' என்பாள்.

ஸ்டேஷனில் கேஸ் என்றைக்கு முடிந்திருக்கிறது?

ஜீப் கிளம்பியது.

"எங்கய்யா போறோம்?"

"பழைய மில்லுக்குப் பின்னால ஒரு வெள்ளை வேன் நிக்குதாம் மேடம்" என்றார் ஏட்டு.

"அதுக்குள்ள தகவலா? ஸ்டேஷன் வாசல்ல காணாமப்போன பைக்கையே நீ இன்னும் கண்டுபிடிக்கல!"

ஏட்டுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

வேன் நின்றிருந்தது. கதவு பாதி திறந்து... உள்ளே வெளிச்சம்!

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உருவினாள்.

"யார்ரா உள்ள?"

கதவைக் காலால் தள்ளினாள். ஏறினாள்.

படார்!

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது!

மிஷின் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுடன் டாக்டரம்மா.

"துப்பாக்கிய ட்ரேல வைங்க. சட்டையக் கழட்டிட்டு இப்படி வந்து நில்லுங்க."

"பொய்ப் புகாரா? என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். நான் சொல்றப்போ மூச்சைப் பிடிச்சுக்குங்க."

"யார் வேலை இது?"

"நான்தான்!"

கதவுக்கு வெளியே இன்ஸ்பெக்டரின் கணவன் குரல்!

"கண்ணாடி முன்னால நின்னா உன் கை அங்கேயேதான் போகுது. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? நான் கூப்பிட்டா வரமாட்டே... கேஸ்னா ஓடி வருவே! உங்கக்காவும் 'அப்புறம் பாத்துக்கலாம்'னுதானே சொன்னாங்க..."

குரல் உடைந்தது.

சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பெல்ட்டைக் கழற்றினாள்.

படம் வந்தது. டாக்டரம்மா திரையை உற்றுப் பார்த்தாள்.

"சின்னக் கட்டிதான். ஊசியில கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் என்னன்னு சொல்ல முடியும். எதுவா இருந்தாலும் சீக்கிரமா வந்துட்டீங்க."

"எங்க வந்தேன்? கடத்திட்டு வந்தாங்க."

கதவு திறந்தது. கணவனின் கண்கள் சிவந்திருந்தன. அவன் கையில் தொப்பியைத் திணித்தாள்.

"நாளைக்கு லீவு போடுங்க. ஆஸ்பத்திரிக்குத் தனியா போக பயமா இருக்கு."

ஏட்டு தலையைச் சொறிந்தார். "மேடம்... வேன் கிடைச்சிடுச்சுன்னு எழுதிடவா?"

"உன் சம்சாரம் டெஸ்ட் எடுத்தாச்சாய்யா?"

"அவளுக்கு எங்க மேடம் நேரம்..."

"அப்ப வேன் இன்னும் கிடைக்கலன்னு எழுது! சாயங்காலம் உன் வீட்டு வாசல்ல கிடைக்கும்!"