கதவில் சாத்திய விளக்குமாறு

ஜூன் மாதக் காலை. பல்கலைக்கழகத் தோழன் ஹில்லாரின் பாய்மரப் படகு பால்டிக் கடலைக் கடந்து எங்கள் தீவின் மரத்துறையில் உரசி நின்றது. கயிற்றை வாங்கிக் கட்டினாள் பக்கத்து வீட்டு மீலி அக்கா. பட்டதாரிக்கு இப்போதுதான் வழி தெரிந்ததா என்று கேட்டாள்.

தலையைக் குனிந்தபடி இறங்கினேன்.

போன வருடம் இதே படகில் ஹில்லாரோடும் மற்ற நண்பர்களோடும் வந்தேன். எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அங்கே மீன்வாடை என்று என்னைக் கேலி செய்தவர்கள் மேலிருந்த கோபத்தை அப்பாவின் மேல் இறக்கினேன். தீவில் இருப்பது எங்கள் கோடைக்கால வீடு, அங்கே யாருமில்லை என்று இந்த நண்பர்களிடம் அளந்திருந்தேன்.

துறையில் இறங்கியதும் முன்னால் ஓடினேன். உள்ளே அப்பா, செதில் ஒட்டிய சட்டையோடு, படுக்கையிலிருந்து எழ முடியாமல் இருமிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா, வைக்கே?"

கதவை இழுத்து மூடி, விளக்குமாற்றைக் குறுக்கே சாத்தினேன். எங்கள் தீவில் பூட்டு கிடையாது. விளக்குமாறு சாத்தியிருந்தால் வீட்டில் ஆளில்லை. யாரும் கதவைத் தொட மாட்டார்கள்.

நண்பர்கள் வெளியிலிருந்தே வீட்டைப் பார்த்தார்கள், படகுக்குத் திரும்பினார்கள். நானும்.

அப்பாவின் உடலைப் பதினோராம் நாள்தான் கண்டெடுத்தார்கள். பரீட்சை என்று பொய் சொல்லி, அடக்கத்துக்கும் நான் வரவில்லை.

இப்போது ஹில்லாரைத் துறையிலேயே நிறுத்திவிட்டு, தனியே போய்க் கதவைத் திறந்தேன். ஓராண்டாக அடுப்பு மூட்டாத வீடு. மீன் சுட்ட புகை சூடாக மூக்கில் ஏறியது.

உள்ளறையில் ஓர் இருமல்.

இன்னொன்று. பக்கத்தில்.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். கேட்காமலே துறைக்கு ஓடினேன்.

மீலி அக்கா கயிற்றை அவிழ்த்தபடி தணிந்த குரலில் சொன்னாள்: "விளக்குமாறு சாத்தியிருந்துச்சு. உன்கூடப் படகுல போயிட்டாருன்னு நெனச்சோம்டி. மக வந்து கூட்டிட்டுப் போயிட்டாளேன்னு எல்லாருக்கும் சந்தோஷம்."

பாயை ஏற்றினோம். காற்று இடப்புறமிருந்து வீசியது. நானும் ஹில்லாரும் வலப்புறம். படகு வலப்புறம்தான் சாய வேண்டும்.

இடப்புறம் சாய்ந்தது.

ஹில்லார் சுக்கானை இறுக்கிப் பிடித்தான். எதிரே வெறும் பலகை. அதில் ஈரம், ஓர் ஆள் உட்கார்ந்த அகலத்துக்கு.

"அங்க யாரு?" கிசுகிசுத்தான்.

"எங்க அப்பா" என்றேன். அந்தச் சொல்லை அவனிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

படகு நிமிரவில்லை.