ரோஸ் லயன் செத்துவிட்டாள்!

ட்ரிங்ங்... ட்ரிங்ங்...

ஆஸ்பத்திரிச் சமையலறையின் சுவர்த் தொலைபேசி விடாமல் அலறியது.

றோசலின் கையுறையைக் கழற்றினாள். காலையிலிருந்து நோயாளிகள் மிச்சம் வைத்த கஞ்சியையும், ஊறிப்போன பாண் ரொட்டியையும் தட்டுத் தட்டாக வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். அந்த நாற்றம் அவளுக்குப் பழகிவிட்டது.

ரிசீவரில் வந்த குரல்தான் பழகவேயில்லை.

"ஹென்றி கதைக்கிறன். ஒரு விசயம் கேளும். இமெல்டா செத்திட்டாள்!"

"என்ன...?"

"ஆத்தில விழுந்திட்டாள். மொன்ட்ரியால்-நோர் பக்கம் பிரேதம் கரை ஒதுங்கினது. நான்தான் போய் அடையாளம் காட்டினனான். நேற்று அடக்கமும் முடிஞ்சுது."



"ஐயோ, கடவுளே..."

"அழாதையும். இனித்தான் எங்களுக்கு நல்ல காலம்! ரேடியோவைப் போட்டுப் பாரும். எங்கட பாட்டுத்தான். அவள் உயிரோட இருக்கேக்க திரும்பியும் பாக்காதவங்கள்!"

"என்ன மனிசன் நீங்க?"

"சனிக்கிழமை பின்னேரம் ரெண்டு மணிக்கு ஸ்டூடியோவுக்கு வாரும். ரோஸ் லயன் பாடின கடைசிப் பாட்டுகள் எண்டு ஆறு பாட்டு ரெக்கோர்ட் பண்ணவேணும்."

"செத்தவ பாடின கடைசிப் பாட்ட இனித்தான் பாடப்போறமா?"

"வேற எப்ப பாடுறது?"

சிரித்தான்! உண்மையாகவே சிரித்தான்.

அவள் ரிசீவரை அடித்து வைத்தாள்.

கனடாவின் மொன்ட்ரியால் நகரம், கோட்-டெ-நெய்ஜ் பகுதி, 1986 ஒக்டோபர். ரோஸ் லயன் என்றால் ஜமெய்க்காவின் ரெகே இசைப் பிரியர்களுக்குத் தெரியும். கிங்ஸ்டன் நகரத்துப் பெண் சிங்கம்! இசைத்தட்டு உறையில் பொய்ச் சடைமுடியைச் சிலிர்த்துக்கொண்டு நிற்பவள் இமெல்டா. அசல் ஜமெய்க்காக்காரி. அழகி. பாடத்தான் வராது.

பாடியது றோசலின்.

மட்டக்களப்பில் மாதா கோயில் பாடகர் குழுவில் வளர்ந்த குரல். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்த ஜமெய்க்காப் பெண்களின் கசெட்டுகளைக் கேட்டுக் கேட்டு ரெகேயில் ஊறிய குரல். ஒருநாள் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடியதை, நோயாளியைப் பார்க்க வந்த ஹென்றி கேட்டுவிட்டான். யாழ்ப்பாணத்தான். படிக்க வந்து படிக்காமல் ஸ்டூடியோ வைத்தவன்.

"ஸ்ரீலங்காக்காரி ரெகே பாடுறாள் எண்டா எவன் வாங்குவான்? குரல் நீர் தாரும். முகம் நான் தேடுறன்."

றோசலினின் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. பெயர் வெளியே வராதது நல்லது என்று அவளும் நினைத்தாள். மேடையில் இமெல்டா வாயசைப்பாள். பின்னால், புளித்த பியர் மணக்கும் கறுப்புத் திரைக்குள் நின்று றோசலின் பாடுவாள். கைதட்டல் கேட்கும். யாருக்கு என்று மட்டும் அவள் யோசிப்பதில்லை.

"றோசலின், இதைக் கேள்!"

கூட வேலை செய்யும் ஹெய்ட்டிக்காரி அக்னெஸ், அன்று மத்தியானம் பத்திரிகையோடு சமையலறைக்குள் வந்தாள். பிரெஞ்சுச் செய்தியை உடைந்த ஆங்கிலத்தில் வாசித்துச் சொன்னாள்.

"பாடகி ரோஸ் லயன் ஆற்றில் மூழ்கி மரணம். முகம் அடையாளம் தெரியாதபடி சிதைந்திருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு. அதில் சின்னத் தங்கத் துண்டு. அது அவளுடைய அதிர்ஷ்டக் கயிறு என்று மனேஜர் ஹென்றி கண்ணீருடன் சொன்னார்..."

"நில்லு! என்ன கயிறு?"

"மஞ்சள்."



மஞ்சள் கயிற்றில் தங்கம்... அது என்னவென்று அக்னெஸுக்குத் தெரியாது. பொலிசுக்குத் தெரியாது.

ஹென்றிக்குத் தெரியாதா?

மறுநாள் தமிழ்க் கடை வாசலில் ஒரு மனிதர் ஃபோட்டோகொப்பி ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். 'காணவில்லை' என்று தமிழில் மட்டும் எழுதியிருந்தது. ஒரு பெண்ணின் படம்.

"ஆரண்ணே இது?"

"என்ட மனிசி, தங்கச்சி. இந்திராதேவி. பதினொரு நாளாகுது. மொன்ட்ரியால்-நோர்ல ஒரு ஒபிஸ் கூட்டித் துடைக்கப் போனவ... திரும்பி வரல்ல."

அவர் பெயர் சீனித்தம்பி. திருகோணமலைக்காரர். சவரம் செய்யாத முகம்.

"பொலிசுக்குச் சொன்னீங்களா?"

"போனன். பாஷை தெரியாது. பேரை எழுதினாங்க. 'மெர்சி' எண்டாங்க. நன்றியாம்."

றோசலின் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே... அக்காட தாலி?"

"தாலிக்கொடியை ஊரிலயே வித்துப்போட்டம். மஞ்சள் கயித்திலதான் கட்டியிருந்தவ. ஏன் தங்கச்சி?"

அவள் நோட்டீஸின் மற்ற மூலையை ஒட்டிக்கொடுத்தாள்.

யாரோ பெற்ற பிள்ளை, இந்த மனிதரின் மனைவி, ரோஸ் லயன் என்ற பொய்ப் பெயரோடு மண்ணுக்குள் கிடக்கிறாள்! அந்தப் பெயரில் பாதி றோசலினுடையது. தன் தொண்டைக்குள்ளேயே அழுக்கு ஒட்டியிருப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை. பிற்பகல் இரண்டு மணி. செயின்ட்-மிஷேல்.

ஹென்றியின் நிலவறை ஸ்டூடியோவின் கதவைத் தள்ளினாள் றோசலின். பொலிசுக்குப் போகுமுன் அவன் வாயாலேயே கேட்கவேண்டும்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், ஒலிப்பதிவுக் கருவியின் முன்னால், தலைமுடியை ஒட்ட வெட்டிய ஒருத்தி உட்கார்ந்து பொரித்த கோழி தின்றுகொண்டிருந்தாள்.

திரும்பினாள்.

இமெல்டா!

"ஹலோ, டார்லிங்! என் செத்தவீடு நல்லா நடந்ததாம்!" என்றாள் ஆங்கிலத்தில்.

"நீ... உயிரோடு இருக்கிறாயா?"

"யாருமில்லாத பிணம் ஒன்று கரை ஒதுங்கியதாம். அதுதான் நான் என்று ஹென்றி சொல்லிவிட்டான். ரெக்கோர்ட் விற்று முடிந்ததும் நான் ஊருக்குப் போய்விடுவேன். யாருக்கு என்ன நட்டம்?"

எண்ணெய் வழிந்த விரலை நக்கினாள்.

றோசலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாரும், வாரும்!" ஹென்றி வந்து அவளுடைய தோளில் கை போட்டுப் பாடும் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனான். செண்ட் வாடை மூக்கைத் துளைத்தது. "மைக்குக்குக் கிட்ட நில்லும். குரல் கொஞ்சம் சோகமா இருக்கட்டும்."

"கைய எடுங்க."

"என்ன?"

"அந்தப் பிணம் யாருமில்லாததில்ல. அவட பேர் இந்திராதேவி. புருசன் கடை கடையா நோட்டீஸ் ஒட்டிக்கொண்டு திரியிறார். தாலிய அதிர்ஷ்டக் கயிறு எண்டு சொல்ல உங்களுக்கு வாய் கூசல்லையா? நீங்களும் தமிழன்தானே!"

ஹென்றியின் சிரிப்பு உறைந்தது.

"மெல்லக் கதையும்."

"நான் பொலிசுக்குப் போறன். அந்தப் பாட்டெல்லாம் நான் பாடினது எண்டும் சொல்லப்போறன்."

"பைத்தியமே உமக்கு? உம்மட கேஸ் என்னாகும்? பேர், புகழ் எல்லாம்..."

"கறுப்புத் திரைக்குப் பின்னால நிண்டவளுக்கு என்ன புகழ்? அந்த மனிசி எப்பிடி ஆத்தில விழுந்தா எண்டு பொலிஸ் விசாரிக்கட்டும்!"

"விசாரிச்சு? கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு, லைட்டும் இல்லாத பஸ் ஸ்டாப்பில நிண்டா எவனுக்குத் தெரியும்? றோட்டில ஓடுற எந்த வான் வண்டியும் அடிக்கும்தான்!"

சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே விளங்கியது.

அறைக்குள் பஞ்சு ஒட்டிய சுவர்கள். சத்தம் வெளியே போகாது.

"பேப்பரில ஆறு எண்டுதானே இருந்தது..." றோசலின் கதவுப் பக்கம் நகர்ந்தாள். "பஸ் ஸ்டாப்பும் வானும் எங்க இருந்து வந்தது?"

ஹென்றி கதவை உள்ளே பூட்டினான். தரையில் கிடந்த மைக் வயரை எடுத்து முழங்கையில் சுற்றினான்.

"குடிச்சிருந்தனான். அவள் உடனயே முடிஞ்சிட்டாள். அவளைத் தூக்கி ஆத்தில போட்டது பெரிய விசயமே? கரை ஒதுங்கினாப் பிறகு, பேர் இல்லாட்டி தேடுவாங்கள். அதுதான் ஒரு பேர் குடுத்தன்."

"சீ! மிருகமும் இப்பிடிச் செய்யாது!"

"இமெல்டாவுக்குத் தமிழ் விளங்காது. நீ கத்து!"

வயர் கழுத்தில் விழுந்தது! இறுகியது!

றோசலின் முழங்கையால் அவன் வயிற்றில் இடித்தாள். ஒரு நொடி வயர் தளர்ந்தது. அந்த ஒரு நொடியில் மைக்கைப் பார்த்து ஆங்கிலத்தில் கத்தினாள்.

"இமெல்டா! அந்தப் பெண்ணை வானால் அடித்துக் கொன்றது இவன்தான்! நீ ஏற்கெனவே செத்தவள்! உன்னை இவன் கொன்றால், தேட ஒரு நாய்கூட வராது! யோசி!"

கண்ணாடிக்கு அப்பால் இமெல்டா கோழிக்காலைக் கையில் பிடித்தபடி சிலையாக இருந்தாள்.

ஒரு வினாடி... இரண்டு...

வயர் மறுபடி இறுகியது. றோசலினின் கண் முன்னால் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன.

சளார்!

கண்ணாடி நொறுங்கியது! உடைந்த தடுப்பு வழியாக இரும்பு ஸ்டாண்ட் ஒன்று பாய்ந்து வந்தது. அதன் அடிப்பாகம் ஹென்றியின் நெற்றியில் 'ணங்' என்று இறங்கியது.

அவன் சுருண்டு விழுந்தான்.

"பொறுக்கி!" இமெல்டா மூச்சு வாங்கினாள். "யாருமில்லாத பிணம் என்று சொன்னாயே! நானும் தின்றுகொண்டு சிரித்தேனே!"

மூலையில் போய் வாந்தியெடுத்தாள்.

றோசலின் வயரைக் கழற்றி எறிந்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே வந்தாள். அவளுக்கு இமெல்டாவின் முதுகைத் தடவிக்கொடுக்க மனம் வரவில்லை. தண்ணீர்ப் போத்தலை மட்டும் நீட்டினாள்.

றோசலின் தொலைபேசியில் அழைத்த அரை மணி நேரத்தில் பொலிஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் பற்றிக். நரைத்த மீசை, களைத்த கண்கள்.

ஹென்றி தலையில் கட்டோடு சீறினான்.

"பொய்! எல்லாம் பொய்! வெறும் வேலைக்காரியள். ஒரு சாட்சி இருக்கா?"

இமெல்டா வாயைத் துடைத்துக்கொண்டு கருவியைச் சுட்டினாள். நாடா இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அவள் உள்ளே வந்ததும் பதிவைத் தொடங்கு, ஒரு மூச்சும் தவறக்கூடாது என்று இவன்தான் சொன்னான். தொடங்கினேன். நிறுத்தச் சொல்லவேயில்லை!"

ஹென்றியின் முகம் வெளிறியது.

பற்றிக் நாடாவைக் கேட்டார். தமிழ் வசனங்களை றோசலின் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள். சொல்லச் சொல்ல அவள் நாக்கே கசந்தது.

"கல்லறையில அவட சொந்தப் பேர் வரவேணும் சேர். புருசன நான் கூட்டிக்கொண்டு வாறன்."

"நான் பொறுப்பு. ஆனால் நீ சாட்சி சொன்னால் எல்லாம் வெளியே வரும். ரோஸ் லயன் முடிந்துபோவாள்."

"முடியட்டும். எனக்கு அந்தப் பேரக் கேட்டாலே அருவருக்குது."

விலங்கு மாட்டிய ஹென்றி வாசலில் திரும்பினான். "அந்த நாடா செல்லாது! வெறும் இரைச்சல்! கோர்ட் ஏற்காது!"

பற்றிக் நாடாவைப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஹென்றியின் பெயரை எழுதினார்.

"ஏற்கும், ஹென்றி! நீ தயாரித்த ரெக்கோர்டுகளில், முகமும் குரலும் ஒரே ஆளுடையதாக இருப்பது இது ஒன்றுதான்!"